அஞ்சாவது குமிழ்

கந்தப்பன் காரை அப்படியே ரோட்டோரம் நிறுத்திவிட்டு, பாடிக்கொண்டிருந்த கேசட்டைப் பிடுங்கி வெளியே எடுத்தார். பின்னால் வந்த டவுன் பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே திட்டிவிட்டுப் போனான். கந்தப்பனும் திட்டினார். ஆனால் பஸ்காரனை இல்லை.

"ஜப்பான் ஸ்பீக்கராமா, ஜப்பான் ஸ்பீக்கரு. என்ற பொண்ணு பாடறா, ராகம் வருது, எழுத்து வர மாட்டேங்குது. வாய் நெறையாப் பொரியைப் போட்டுட்டுப் பாடறாப்பல இருக்குது."

பக்கத்தில் இருந்த சாந்தாமணி, எல்லாம் நல்லாத்தான் கேட்கிறது என்றாள். கட்டினவள் சொன்னதை அவர் சட்டை செய்யவில்லை. புதுக் கார் வாங்கினதே அவளுக்குப் பிடிக்கவில்லை, அதில் ஸ்பீக்கர் மாட்டினது அறவே பிடிக்கவில்லை, அவள் வேறு என்ன சொல்வாள் என்று எண்ணிக்கொண்டார்.

கேசட்டில் பாடியது அவர்களுடைய ஒரே மகள் லோகப்பிரியா. சென்னிமலைத் தேர் அன்றைக்குக் கோயில் மேடையில் பாடி, கைதட்டல் வாங்கிய பாட்டு. அந்தப் பாட்டில்தான் இப்போது அவள் கல்யாணமே தொங்கிக்கொண்டிருந்தது.

கந்தப்பனுக்குச் சோமனூரில் விசைத்தறிக் குடோன். மீசை முளைக்கிறதற்கு முன்னால் தறிக்கு நின்றவர், நாற்பத்தெட்டு வயதில் வெள்ளை எஸ்டீம் கார் வாங்கிவிட்டார். மகளை பி.எஸ்ஸி. படிக்க வைத்தார். இதற்கு முன்னால் வந்த இரண்டு வரனும் ஏதோ சாக்குச் சொல்லி நழுவிப் போயின. மூன்றாவதாக வந்தது சத்தியமங்கலத்து இடம். மாப்பிள்ளை ரவிக்குமார், என்ஜினீயர். அப்பா தம்பிதுரை, சொந்தமாகப் பருத்தி ஜின்னிங் ஃபேக்டரி. ஜாதகம் பொருந்திவிட்டது, பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது, அப்பாவுக்கு ஆட்சேபணை இல்லை. பாக்கி, பையனின் அம்மா மயிலாத்தாள்.

அந்தம்மா சீர் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. பாட்டுக் கேட்டது. பொண்ணு பாடுமாமே, ஒரு பாட்டுக் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டது.

லோகப்பிரியா அதற்கு ஒரேயடியாக மறுத்துவிட்டாள். பலகாரத் தட்டோடு வந்து, பாயில் உட்கார்ந்து பாடுவதற்கெல்லாம் நான் ஆளில்லை, மேடையில் பாடின கேசட்டு இருக்கிறது, வேண்டுமானால் போட்டுக் காட்டிக்கொள்ளுங்கள் என்றாள். வீட்டு டேப்பில் போட்டுப் பார்த்தார் கந்தப்பன். எழுத்தே வரவில்லை. பழைய டேப், அதைச் சொல்லிக் குற்றமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் சேர்ந்து குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்பதாக ஏற்பாடு. சாமி வெள்ளைப் பூக் கொடுத்துவிட்டால் கல்யாணம் உறுதி. போகிற வழியில் கார்லேயே பாட்டைப் போட்டுவிட்டால் கோயில் வருவதற்குள் மயிலாத்தாள் மனசு நிறைந்துவிடும். அதற்காகத்தான் கோயமுத்தூர் போய், இருப்பதிலேயே உசந்த செட்டாகப் பார்த்து மாட்டினார். அதிலும் எழுத்து வரவில்லை என்றால் மனுசனுக்கு எப்படி இருக்கும்?

வண்டியை நேராகக் கோயமுத்தூர் நூறடி ரோட்டுக்கு விட்டார்.

யாகூப்புக்கு அங்கே கார் ஆடியோ கடை. தான் மாட்டின செட்டில் குறை இருக்கிறது என்று அவன் வாயிலிருந்து இதுவரைக்கும் யாரும் வாங்கினதில்லை. காருக்குள் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டான்.

"வெண்ணெய் மாதிரி இருக்குதுங்கண்ணா."

"வெண்ணெயை எவன் கேட்டான்? எழுத்து எங்கய்யா?"

யாகூப் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய செட்டு வாங்கின மனுசர் கோபமாக நிற்கிறார், ஏதாவது ஒரு காரணம் சொல்லி அனுப்பினால்தானே மரியாதை என்று நினைத்துவிட்டான். உடனே பாடம் எடுக்க ஆரம்பித்தான். கதவில் இருக்கும் பெரிய ஸ்பீக்கர் ஊஃபர், கீழ்ச் சத்தத்தை அது பாடும். கண்ணாடி ஓரத்தில் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் ட்வீட்டர், மேல் சத்தத்தை அது பாடும். எது யாருக்கு என்று பிரித்துவிடுகிற டப்பா சீட்டுக்கு அடியில் இருக்கிறது. இது முடிந்து அது தொடங்குகிற இடத்துக்குக் கிராஸ்ஓவர் என்று பேர். அந்த இடத்தில் கைமாற்றும்போது சிலசமயம் சத்தம் நழுவிவிடுவது உண்டு.

கந்தப்பனுக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. தறிக்காரருக்கு இது விளங்காமல் எது விளங்கும்?

"அப்படிச் சொல்லு. பகல் ஷிப்டுக்காரன் தறியை உட்டுப்போட்டு ஊட்டுக்குப் போயிட்டான். ராத்திரி ஷிப்டுக்காரன் இன்னும் டீக்கடையில நிக்கறான். நடுவால என்ற பொண்ணு பாடற எழுத்தையெல்லாம் எவன் புடிக்கறது?"

இவ்வளவு அழகாகத் தன்னாலேயே சொல்ல முடியாது என்று யாகூப் மெச்சிக்கொண்டான். அந்த மெச்சல்தான் அவனுக்கு வினையாக முடிந்தது.

டேப்புக்கு அடியில் ஈக்வலைசர் என்று ஒரு பட்டை. அதில் வரிசையாக ஏழு குமிழ். இடமிருந்து அஞ்சாவது குமிழ் சரியாக அந்தக் கைமாற்றுகிற இடத்துக்கு உண்டானது. யாகூப் அதை நகத்தளவு மேலே தள்ளினான். கந்தப்பன், ஒன்றும் தெரியவில்லை என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளினான். இன்னும் தெரியவில்லை என்றார். பாதி உயரம் போனதும் யாகூப்பின் முகம் புளியைக் கடித்த மாதிரி ஆகிவிட்டது. அதற்கு மேல் ஏற்றக் கூடாது என்று கையை எடுத்துக்கொண்டான்.

"அண்ணா, அந்த எடத்துல ஊஃபரும் பாடும், ட்வீட்டரும் பாடும். குமிழை ஏத்தினா ரெண்டும் சேந்து கத்தும். நாங்க அந்த எடத்தைக் கொஞ்சம் எறக்கித்தான் வெப்பமுங்க."

கந்தப்பனுக்கு வந்ததே கோபம். இல்லாத இடத்தில் இன்னும் இறக்குவானாம். பசிக்கிறது என்று வந்து உட்கார்ந்தவன் முன்னாலிருந்து இலையை எடுத்துக்கொண்டு போகிற கதையாக இருக்கிறதே என்று கடை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். யாகூப்பின் கையைத் தட்டிவிட்டு, தானே குமிழை இன்னும் ஒரு விரற்கடை ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்.

மறுநாள் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். பாட்டு ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் லோகப்பிரியா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, கேக்க முடியலீங்கப்பா. என் குரலை ஏனுங்க இப்படிப் பண்றீங்க?"

தன் குரல் மேலேயே பெருமை இல்லாத பிள்ளை என்று அவருக்கு மனசு விட்டுப்போனது. அன்றிலிருந்து அவள் டவுன் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். சாந்தாமணியும் சந்தைக்கு நடந்தே போவதாகச் சொல்லிவிட்டாள், நடந்தால் முழங்காலுக்கு நல்லதாம். வாசலில் புத்தம் புதுக் கார் நிற்கிறது, வீட்டு மனுசர் ஒருத்தரும் ஏறமாட்டேன் என்கிறார்கள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

கந்தப்பன் யோசித்தார். மனைவி நன்றாக இருக்கிறது என்றாள், ஏற்றினால் கத்துகிறது என்கிறாள். மகளும் அதையே சொல்கிறாள். யாகூப்பும் அதையே சொல்கிறான். மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். நியாயம் கேட்க வேண்டுமென்றால் இதில் ஒட்டும் உறவும் இல்லாத பொது மனுசர் வேண்டும்.

பக்கத்துக் குடோன் தனபாலையும் எதிர்க் குடோன் அரங்கசாமியையும் கூப்பிட்டார். இரண்டு பேரும் தறிச் சங்கத்தில் வழக்குத் தீர்க்கிறவர்கள். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. குமிழை யாகூப் முதலில் வைத்திருந்த இடத்துக்கே இறக்கிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பாட்டைப் போட்டார்.

தனபால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுவிட்டு, பாப்பா கம்பளிக்குள்ளார இருந்து பாடுதா என்று கேட்டார். அரங்கசாமி, எழுத்தே உழுகலையே, ஏமாத்திப்போட்டானுங்க என்றார். ஆயுசில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். குமிழை ஏற்றினதும் இரண்டு பேரும், ஆமாமா, இப்பக் கொஞ்சம் தெரியுது, இன்னும் ஏத்தோணும் என்றார்கள்.

கந்தப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் நியாயம் செத்துப்போகவில்லை.

மூன்று பேரும் அதே காரில் நூறடி ரோட்டுக்குப் போய் இறங்கினார்கள். யாகூப் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து முதல் வாயைக்கூட வைக்கவில்லை. அரங்கசாமி சங்கத்தில் பேசுகிற தோரணையில் பேசினார். பாமர சனங்களை இப்படி ஏய்க்கலாமா, பொண்ணைப் பெத்தவன் வயிறு எரிந்தால் கடை விளங்குமா என்றெல்லாம் கேட்டார். யாகூப்பும் சும்மா இருக்கவில்லை. பத்து வருசமாகக் கடை நடத்துகிறேன், கோயமுத்தூரில் என் கைபடாத கார் இல்லை, ஒருத்தர் வந்து எழுத்து விழவில்லை என்று சொன்னதில்லை என்று அவனும் சத்தம் போட்டான். ஆனால் அவன் ஒருத்தன், இவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் ஒரே இடத்தில் ஓட்டை தெரிகிறது என்றால் அவன்தான் என்ன செய்வான். கடைசியில் அவனுக்கே தன் காது மேல் சந்தேகம் வந்துவிட்டது.

முதலில் ட்வீட்டருக்குப் போகிற இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தான். இப்போது பொண்ணு டிக்கியில் உட்கார்ந்து பாடுகிறாள் என்றார் தனபால். ஒயரைப் பழையபடி வைத்துவிட்டு, சீட்டுக்கடியில் இருந்த டப்பாவைக் கழற்றி வேறு டப்பா போட்டான். ட்வீட்டர் இன்னும் சீக்கிரமே வேலைக்கு வந்துவிடும், ராத்திரி ஷிப்டுக்காரனை முன்கூட்டியே கூப்பிட்டு நிறுத்திவிட்டேன் என்று விளக்கினான். அது போதாது என்றார்கள். கண்ணாடி ஓரத்தில் இருந்த ட்வீட்டரைப் பிடுங்கி, உட்கார்ந்திருக்கிறவர் மூஞ்சியைப் பார்க்கிற மாதிரி டேஷ்போர்டு மேல் வைத்தான். அதுவும் போதாது என்றார்கள். அதற்குத் துணையாக இன்னொரு ஜோடி ட்வீட்டர் வைத்தான். அஞ்சாவது குமிழை உச்சி வரைக்கும் தள்ளி, அதற்கு மேல் இடமில்லை என்று தொட்டுக் காட்டினான்.

பாட்டைப் போட்டதும் கேசட்டின் இரைச்சல் கடுகு தாளிக்கிற மாதிரி வெடித்தது. லோகப்பிரியா ஒவ்வொரு தடவை 'ச' சொன்னபோதும் பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடை மாடியில் இருந்த புறாக்கள் எழும்பி எங்கேயோ போய்விட்டன. யாகூப் கைக்குட்டையைக் காதில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றான்.

கந்தப்பன் முகம் மலர்ந்தது. தனபால் தொடையில் தாளம் போட்டார். அரங்கசாமி, இதுதான் பாட்டு, எழுத்தெல்லாம் எண்ணிக்கலாம் போலிருக்குது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

யாகூப் கிட்டே வந்து, ஒரே ஒரு வேண்டுகோள் என்றான்.

"பின்னாடிக் கண்ணாடியில ஒட்டியிருக்கற என் கடை ஸ்டிக்கரை மட்டும் உரிச்சுக்கறனுங்கண்ணா."

வேலையைச் செய்துவிட்டுப் பேரை எடுத்துக்கொள்கிறவனைக் கந்தப்பன் அதுவரைக்கும் பார்த்ததில்லை. உரித்துக்கொண்டு போ, உன் பேரு என் காருக்குத் தேவையில்லை என்றார். ஊர் வந்து சேருகிற வரைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சத்தியமங்கலத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். மயிலாத்தாள் ஒல்லியான மனுசி, பேச்சு கம்மி, சிரித்தால் மட்டும் முகம் பூராவும் சிரிப்பு. லோகப்பிரியாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, என்ன படிச்சே கண்ணு, யாருகிட்டப் பாட்டுக் கத்துக்கிட்டே என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துச் சாந்தாமணிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இந்த இடமாவது நிலைக்க வேண்டும் என்று அவள் வேண்டாத சாமி இல்லை. காரில் பாட்டுப் போட வேண்டாம், கோயிலுக்குப் போகும்போது பேசிக்கொண்டே போகலாம் என்று புருசனைத் தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சினாள். அவர் கேட்டால்தானே.

கார் கிளம்பியது. கந்தப்பன் ஓட்ட, தம்பிதுரை பக்கத்தில். பின்னால் மயிலாத்தாள், சாந்தாமணி, மாப்பிள்ளை ரவிக்குமார். லோகப்பிரியா மற்ற சொந்தக்காரர்களோடு பின்னால் வேனில் வந்தாள், அது அவளே கேட்டு வாங்கின இடம். சாந்தாமணி இரண்டு காதிலும் பஞ்சு வைத்து, வெளியே தெரியாமல் தலைமுடியை இழுத்துவிட்டிருந்தாள்.

கருமத்தம்பட்டி தாண்டினதும் கந்தப்பன் கேசட்டைத் தள்ளினார். ஊஃபர் என்ன, ட்வீட்டர் என்ன, கிராஸ்ஓவரில் ஷிப்டு மாறும்போது எழுத்து எப்படிச் சிந்திப்போகும், அதைத் தான் எப்படிப் பிடித்துக் கட்டினோம் என்று தம்பிதுரைக்கு விளக்கிக்கொண்டே ஓட்டினார். தம்பிதுரை முன்னால் குனிந்து கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் விரிந்தது.

"அடடா. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா உழுகுதுங்களே. எங்க கார்ல எந்தப் பாட்டைப் போட்டாலும் கொழகொழன்னுதானுங்க இருக்குது."

கந்தப்பனுக்கு ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. இவ்வளவு நாளும் பட்ட பாட்டுக்கு, ஞானம் உள்ள மனுசர் ஒருத்தர் கிடைத்தாரே. சந்தோசத்தில் சத்தத்தையும் கூட்டிவைத்தார். மாப்பிள்ளை அம்மாவின் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசையாகக் கண்ணாடியை நிமிர்த்தினார்.

மயிலாத்தாள் முந்தானையைச் சுருட்டி இரண்டு காதிலும் அழுத்திக்கொண்டிருந்தாள். கண் இறுக மூடியிருந்தது. ரவிக்குமார் கதவுக் கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தான்.

வண்டியைச் சித்த நிறுத்தச் சொல்லுங்க என்று மயிலாத்தாள் சாந்தாமணியிடம் சைகை காட்டினாள். சாந்தாமணி புருசனின் தோளைத் தொட்டாள். கந்தப்பன் ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டினார். மயிலாத்தாள் இறங்கி, மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகன் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தான். பின்னால் வந்த வேனும் நின்றது.

கந்தப்பனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பாட்டு சுமார் என்று சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார். ராகம் தப்பு, தாளம் தப்பு என்று சொல்லியிருந்தால்கூட, சரி, தெரிந்தவர்கள் சொல்கிறார்கள் என்று விட்டிருப்பார். தவமிருந்து பெற்ற பிள்ளையின் குரலுக்கு, பெற்றவன் கண் முன்னாலேயே காதைப் பொத்துவதா? நாலு பாட்டுக் கேட்டுப் பழகிவிட்டால் இத்தனை திமிரா? சாந்தாமணியைக் கையைப் பிடித்துத் தனியாக இழுத்துக்கொண்டு போய், அவள் காதோரம் குனிந்து ரகசியமாகச் சொன்னார். அவருடைய ரகசியம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவன் வரைக்கும் போனது.

"என்ற பொண்ணு குரலுக்குக் காதைப் பொத்தற ஊட்டுக்கு அவ போக வேண்டாம். பூவும் கேக்க வேண்டாம், ஒண்ணும் கேக்க வேண்டாம். நான் வண்டியைத் திருப்பறேன்."

இளநீர்க்காரன் அரிவாளை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். ரவிக்குமார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேன் ஜன்னலில் லோகப்பிரியாவின் முகம் வெளுத்துப்போனது. மூன்றாவது வரனும் போயிற்று என்று சாந்தாமணிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. காருக்குள் தம்பிதுரை மட்டும் இது எதுவும் தெரியாமல் பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டு, அஞ்சாவது குமிழ் இன்னும் கொஞ்சம் மேலே போகுமா என்று விரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மயிலாத்தாள் மரத்தை விட்டு நகர்ந்து வந்தாள். கந்தப்பனைத் தாண்டி நேராக வந்து, சாந்தாமணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அழுகாதீங்க, சம்பந்தி. பாப்பா குரல்லயும் கொறையில்ல, அந்த ஸ்பீக்கர்லயும் கொறையில்லீங்க. எங்க ஊட்டுக்காரரை டாக்டருகிட்டக் காட்டினப்பத்தான் சொன்னாங்க, மிஷின் சத்தத்துலயே நின்ன காதுக்குப் பாட்டுக் கேக்கும், எழுத்து மட்டும் கேக்காதாமுங்க."